சாரல் சீசனில் வாஷிங் மெஷின்... பில்லை ஏற்றுவது எது?

ஆனி, ஆடி பிறந்தால் தென்காசி வீடுகளுக்கு இரண்டு வரவு நிச்சயம். ஒன்று குற்றாலச் சாரல். இன்னொன்று, அருவியில் குளிக்க வரும் சொந்தக்காரர்கள். காலையில் ஐந்தருவி, சாயங்காலம் பழைய குற்றாலம் என்று குளித்துவிட்டு வந்தால், ஈரத் துண்டும் துணியும் மலையாகக் குவிந்துவிடும்.

வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும். ஆனாலும், 'கரன்ட் பில் எகிறிடும்' என்று பயந்து, முதுகுவலியோடு கல்லில் துவைக்கிற அம்மாக்கள் இன்றும் உண்டு. அந்தப் பயம் நியாயம்தானா? உங்கள் வீட்டு மீட்டரிடமே கேட்டுவிடலாம். செலவு எதுவும் இல்லை.

எப்படி அளப்பது?

மெஷினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜையும்தான். பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. பேட்டரி சார்ஜ் ஆவதும் மீட்டரில் ஓடும் என்பதால், அதற்குப் போகும் சுவிட்சையும் அணைக்க வேண்டும்.

டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். அருகில் 3200 என்பதுபோல ஓர் எண் அச்சாகியிருக்கும். மீட்டருக்கு மீட்டர் இது மாறும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, 60-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 16 என்றால், அதே வேகத்தில் மணிக்கு 0.3 யூனிட்.

முழுச் சுற்றுக்கும் கணக்கு வேண்டுமா? தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டர் ரீடிங்கை மொபைலில் படம் எடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பார்த்தால் போதும். ஈரக் கையோடு தொடவோ, சீலைப் பிரிக்கவோ வேண்டாம்.

விளக்கு சொல்லும் உண்மை

டிரம் சுற்றும்போது விளக்கு நிதானமாகச் சிமிட்டும். பிழியும்போது கொஞ்சம் வேகம் கூடும். ஆனால், வெந்நீர் வசதியுள்ள மெஷினில் ஹீட்டர் ஓடும்போது பாருங்கள். எண்ணவே முடியாத வேகத்தில் அடித்துக்கொள்ளும்!

ஒரு கணக்கு போடுவோம். சராசரியாக 200 வாட்டில் 45 நிமிடம் மோட்டார் ஓடினால் 0.15 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 75 காசுதான். அதே மெஷின் 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, கூடுதலாக சுமார் 0.56 யூனிட் வேண்டும். மொத்தம் மூன்றரை ரூபாய்.

தினம் ஒரு முறை துவைத்தால், இரண்டு மாதத்தில் பச்சைத் தண்ணீருக்கு 9 யூனிட். வெந்நீருக்கு 42 யூனிட்டுக்கு மேல். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும் என்பதால், இந்த வித்தியாசம் பில்லில் தெரியும்.

ஆக, குற்றவாளி மெஷின் அல்ல, வெந்நீர் பட்டன். அருவியில் நனைந்த துணிக்குப் பச்சைத் தண்ணீரே போதும். குழந்தையின் துணி, நோயாளியின் படுக்கை விரிப்பு என்றால் தயங்காமல் வெந்நீரைப் போடுங்கள்.

காய வைப்பதற்கு? நன்றாகப் பிழியவிட்டு, மழை படாத வராந்தாவில் இடைவெளி விட்டுக் கொடியில் போடுங்கள். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று வீசும் ஊர் இது. அந்தக் காற்றுக்கு மீட்டர் கிடையாது!