விசுவாசியின் சோர்வு: 'கருக்கு' நாவலை முன்வைத்து

பட்டாசு ஆபீஸ் விபத்தில் தம்பியைப் பறிகொடுத்த அக்கா ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். உபவாச ஜெபம் ஒன்றையும் தவறவிடாதவள். மாதக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. பார்க்க வந்த ஊழியக்காரர், 'ஜெபம் பத்தலம்மா, விசுவாசம் கொறையுது' என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி செத்த துக்கத்தோடு, தான் பாவி என்கிற பாரமும் சேர்ந்துகொண்டது. அவளை டாக்டரிடம் கூட்டிப்போக எங்களுக்கும் தோன்றவில்லை. அந்த உறுத்தலிலிருந்தே இதை எழுதுகிறேன்.

விசுவாசியின் சோர்வுக்குக் கிறித்தவ மரபு முக்கியமாக இரண்டு பெயர்களை வைத்திருக்கிறது. ஒன்று, பாவம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் இதை நண்பகலில் வந்து மனதை முடக்கும் பேய் என்றார். பிற்பாடு ஏழு தலையான பாவங்களுள் சோம்பல் என்பதாக இது சுருங்கிற்று. மற்றது, அருள். 16ஆம் நூற்றாண்டின் சிலுவை அருளப்பர் இதை 'இருண்ட இரவு' என்றார்: கடவுள் மறைந்திருப்பதும் கடவுளை அடையும் வழியே. 2007இல் வெளியான அன்னை தெரசாவின் கடிதங்கள், அவர் பல பத்தாண்டுகள் இவ்விருளில் இருந்ததைக் காட்டின.

இரண்டு சொல்லாடல்களுமே சோர்வை ஆன்மாவுக்கும் கடவுளுக்குமான தனி விவகாரமாகக் கட்டமைக்கின்றன. நிறுவனம் காட்சியிலேயே இல்லை. ஆனால் 1577இல் சிலுவை அருளப்பரை டொலேடோவில் சிறைவைத்தவர்கள் அவருடைய சபைத் துறவிகளேதான்.

விடுபட்ட இந்த நிறுவனத்தை நம் மண்ணிலிருந்து எழுதிக் காட்டியது பாமாவின் 'கருக்கு' (1992). விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே கண்டது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம்; தலித்துகளுக்குக் கூட்டுகிற, கழுவுகிற வேலை. ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறியபோது கையில் வேலையில்லை, போக்கிடமில்லை. தன் காயங்களை ஆற்றிக்கொள்ளவே இதை எழுதியதாகப் பாமா சொல்லியிருக்கிறார்.

இதை விசுவாசத்தை இழந்தவளின் கதை என்று வாசித்தால் தப்பு. இயேசுவை அவர் விடவில்லை. தாழ்மை, கீழ்ப்படிதல் என்று போதித்தே தலித்துகளைப் பணியவைக்கும் சபையைத்தான் கேள்வி கேட்கிறார். சமத்துவம் என்ற வார்த்தையை மெய்யாகவே நம்பியவருக்குத்தான் இந்த அடி விழும். ஒப்புக்குக் கோயிலுக்குப் போகிறவருக்கு இழக்க என்ன இருக்கிறது? ஆக, இங்கே சோர்வு விசுவாசக் குறைவின் அடையாளமல்ல. விசுவாசத்துக்கு நேர்ந்த துரோகத்தின் விளைவு.

இதனால் எல்லாச் சோர்வும் சாதியால் வருவது என்று சொல்லிவிட முடியாது. மனச்சோர்வு ஒரு நோய். மருந்தும் ஆலோசனையும் வேண்டும். வேதாகமமேகூட இதற்கு எதிரானதல்ல. சூரைச்செடியின் கீழே படுத்து, சாகணும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் தந்தது போதனையல்ல. சுட்ட அடையும் தண்ணீரும். தூங்கவிட்டு, எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொல்கிறான்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படியான சாவுகளைக் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லும்போது, மருந்தையும் ஆட்களையும் அளவுக்கு மீறி அடைத்தது யார் என்ற கேள்வி காணாமல் போகிறது. கேள்வியே இல்லாத துக்கம் தன்னையே தின்ன ஆரம்பிக்கிறது.

நாமும் யோக்கியர்களல்ல. சோர்ந்துபோன தோழரைப் பார்த்து 'குட்டி முதலாளிய ஊசலாட்டம்' என்று நாம் சொன்னதில்லையா? ஊழியக்காரர் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சோர்ந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது: சாப்ட்டியா, தூங்குனியா, டாக்டரப் பாத்தியா? அடுத்து: ஒன்ன இந்த நெலமைக்குக் கொண்டாந்தது யாரு? இந்த ரெண்டாவது கேள்விக்கான பதிலில் நம் பெயரும் இருக்கலாம். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.