நெடுநாள் நோயும் தொழிலாளர் ஊதியமும்

மைசூருக்குத் தெற்கே கபிலை ஆற்றங்கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தாலும் ரசவாழையாலும் புகழ்பெற்றது. கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் இது ஆலைத் தொழிலாளரின் ஊராகவும் வளர்ந்துள்ளது. ஆலைக்குள் பணிபுரிபவரையும் வாழைத் தோட்டத்தில் கூலிக்கு உழைப்பவரையும் ஒரே காசநோய் தாக்கக்கூடும். ஆனால், வேலைக்குச் செல்ல இயலாத மாதங்களில் இவ்விருவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒரே அளவினதன்று.

ஆலைத் தொழிலாளிக்குத் துணை நிற்பது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமாகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோன்றிய இத்திட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது தனி அத்தியாயமாக இடம்பெற்றுள்ளது. 2017 முதல் இதன் ஊதிய வரம்பு மாதம் ரூ. 21,000. 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் 3.25 விழுக்காட்டை முதலாளியும் செலுத்துகின்றனர்.

ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் இதன் உச்சவரம்பு. காசநோய், தொழுநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநாள் நோய்களுக்கு இவ்வுதவி 80 விழுக்காடாக உயர்ந்து, இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம். எடுத்துக்காட்டாக, நாள் ஊதியம் ரூ. 600 பெறுபவருக்கு 30 நாளுக்கு ரூ. 14,400 கிடைக்கும்.

எனினும், இந்த நீட்டிப்பைப் பெற இரண்டு ஆண்டுத் தொடர் பணியும், அக்காலத்தின் நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் தேவை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிய ஆளாகப் பதியப்படும் தொழிலாளி இத்தகுதியை இழக்க நேரிடும். ஆகவே, ஒரே காப்பீட்டு எண்ணைத் தொடர்ந்து பயன்படுத்துவதும், பங்களிப்பு முறையாகச் செலுத்தப்படுகிறதா என அவ்வப்போது சரிபார்ப்பதும் இன்றியமையாதன.

தோட்டக் கூலியாளரின் நிலை வேறு. காசநோய்ச் சிகிச்சைக் காலத்தில் அவருக்குக் கிட்டுவது நிக்ஷய் போஷண் திட்டத்தின் ஊட்டச்சத்து உதவி. 2018இல் மாதம் ரூ. 500 ஆகத் தொடங்கிய இது 2024 நவம்பர் முதல் ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது. இது உணவுக்கான உதவியேயன்றி, இழந்த கூலிக்கு ஈடன்று. மைய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியமோ, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோரில் 80 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடையோர்க்கே உரியது. ஊனச் சான்று பெற இயலாத நெடுநாள் நோயாளி அதன் வரம்பிற்குள் வருவதில்லை.

வருவாய் நின்றால் நோயாளி சிகிச்சையை இடையில் கைவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். நோய் முற்றுகிறது, பிறருக்கும் பரவுகிறது. எனவே, நோய்க்கால ஊதியம் பொது நலவாழ்விற்கான முதலீடேயாகும். பங்களிப்புச் செலுத்தும் ஆற்றலற்ற வேளாண் கூலியாளர்க்கு அரசே அப்பங்கினை ஏற்று, இப்பாதுகாப்பை அவர்களுக்கும் விரிவாக்குவது அடுத்த படியாக அமைதல் வேண்டும்.