சட்டை தைத்துக் கொடுத்தவள்

வடக்கு ரயிலில் வாசித்தவை – 9

ரூபிளுக்கு மாதம் 10 கோபெக். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வரும். தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், அப்பா விட்டுப்போன வெள்ளிக் கடிகாரத்தை நீட்டுகிறான் ரஸ்கோல்னிகோவ். பின்மூடியில் பூமிப்பந்து செதுக்கிய கடிகாரம். வட்டிக்காரக் கிழவி அல்யோனா இவானோவ்னா அதற்கு ஒன்றரை ரூபிள் மதிப்புப் போடுகிறாள். அதற்கு வட்டி 15 கோபெக். முன்பு மோதிரத்தின் மேல் வாங்கிய 2 ரூபிளுக்கு 20 கோபெக். இரண்டையும் கழித்துவிட்டு ஒரு ரூபிள் 15 கோபெக்கைக் கையில் வைக்கிறாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்து வட்டி. நூறு கேட்டால் தொண்ணூறு வரும். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சம்பளத்துக்கு முந்தைய வாரம் ஒரு பைக் ஷெட் வாசலில் வந்து நிற்கும். அந்த வண்டியை எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். ஆகவே கிழவியைக் கொல்ல ரஸ்கோல்னிகோவ் திட்டமிட்டபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. செய்யட்டும் என்றே இருந்தது. நாவலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மனநிலையில்தான் நான் உள்ளே போனேன்.

இதெல்லாம் நடந்து 15 வருடங்களுக்கு மேலாகிறது. வல்லூரில் அப்போது அனல் மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் இறங்குவேன். புத்தகம் கனமானது. மடியில் வைத்தால்தான் படிக்க முடியும். அதற்கு உட்கார இடம் கிடைக்க வேண்டும். காலையில் ஊரே சென்னைப் பக்கம் ஓடும்போது நான் எதிர்த்திசையில் போனதால் இடம் கிடைத்தது.

சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்ற தமிழ்ப் புத்தகங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தஸ்தயெவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ அந்த வழியாகத்தான் எனக்கு வந்தது. ‘குற்றமும் தண்டனையும்’ வந்தது வேறு வழியில். மதுரை பாத்திமா கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலா அதைத் தமிழாக்கினார். பிறகு ‘அசடன்’ உட்பட தஸ்தயெவ்ஸ்கியின் வேறு படைப்புகளையும் தந்தார். அந்த உழைப்புக்கு நாம் தந்திருக்கும் மரியாதை போதாது. பாட்டாளியும் படிக்கலாம் என்று ஒரு மொழிக்குள் அந்த நாவலைக் கொண்டுவந்து வைத்தது பெரிய காரியம். என்னிடம் அது தமிழில் வந்திருக்காவிட்டால் வந்தே இருக்காது.

பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் அட்டையைப் பார்த்து, “யார் இவரு?” என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “‘இயற்கை’ படம் இருக்குல்ல அண்ணா, எஸ்.பி. ஜனநாதன் எடுத்தது. அந்தக் கதை இவரோடதுதான்.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, அந்தக் கப்பல்காரன் கதையா! கடைசில அழுதுட்டேன் தம்பி.” 2003-இல் வந்த, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம் அது. ‘வெண்ணிற இரவுகள்’ கதையில் பீட்டர்ஸ்பர்க்கின் கால்வாய்க் கரையில் காத்திருந்த பெண்ணை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தார் ஜனநாதன். எண்ணூர்த் துறைமுக விளக்குகளைப் பார்த்தபடி வீடு திரும்புகிறவர்களுக்கு அது எங்கோ நடந்த கதையாகத் தோன்றவில்லை.

கதைக்குத் திரும்புகிறேன். மதுக்கடையில் ஒரு மாணவன் ஓர் அதிகாரியிடம் பேசுவது ரஸ்கோல்னிகோவின் காதில் விழுகிறது. யாருக்கும் பயன்படாத, பிறரை வருத்துகிற ஒரு கிழவி. அவள் பெட்டியில் கிடக்கும் பணத்தால் பிழைக்கக்கூடிய எத்தனையோ குடும்பங்கள். ஓர் உயிரை எடுத்தால் நூறு உயிர் மீளும் என்றால் கணக்கு நேராகத்தானே இருக்கிறது? ரஸ்கோல்னிகோவ் மனதிலும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டு வாசலிலிருந்து அவள் வீடு வரை 730 காலடி என்று எண்ணி வைத்திருந்தான். கோடரியைத் தொங்கவிட மேலங்கிக்குள் துணி வளையம் தைத்துக்கொண்டான். கிழவியோடு வசிக்கும் தங்கை லிசவேதா மறுநாள் மாலை 7 மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாள் என்பதும் சந்தையில் தற்செயலாகக் காதில் விழுந்தது. அவள் மட்டும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவில்லை.

கிழவியை அவன் கொன்றுமுடித்த நேரத்தில் லிசவேதா வந்துவிடுகிறாள். கதவு தாழிடாமல் கிடக்கிறது. கையில் துணிமூட்டையோடு நிற்கிறாள். அக்காவின் அடி உதைக்கு வாழ்நாள் முழுவதும் பழகிப்போனவள், முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட கையை உயர்த்தவில்லை. இடக்கையை லேசாக முன்னால் நீட்டுகிறாள், அவ்வளவுதான்.

ரயில் பொன்னேரியில் நின்றிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

பிறகு வரும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவள் பெயர் மிகக் குறைவாகவே அடிபடுகிறது. எல்லோரும் கிழவியைப் பற்றிப் பேசுகிறார்கள். துப்பறியும் போர்ஃபிரி கிழவியைப் பற்றிப் பேசுகிறான். ஏன் லிசவேதாவின் நினைவே தனக்கு வருவதில்லை என்று ரஸ்கோல்னிகோவே ஓரிடத்தில் வியக்கிறான். வீட்டு வேலைக்காரி நஸ்தாஸ்யாதான் காய்ச்சலில் கிடக்கும் அவனிடம் போகிற போக்கில் சொல்கிறாள்: அந்த லிசவேதா இங்கே வருவாளே, உன் சட்டையைக்கூடத் தைத்துக் கொடுத்தாளே என்று. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். பின்னால் அவன் உண்மையைச் சொல்லப்போகும் சோனியா அவனுக்கு லாசரு உயிர்த்தெழும் பகுதியை வாசித்துக் காட்டும் புதிய ஏற்பாடும் லிசவேதா கொடுத்ததுதான்.

இவை மூன்றும் நாவலில் வெவ்வேறு மூலைகளில் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டாவது வாசிப்பு தேவைப்பட்டது. இரண்டுக்கும் நடுவே எனக்கே ஒன்று நடந்திருந்தது.

ஓர் ஒப்பந்ததாரரிடம் மஸ்டர் ரோல் எழுதும் வேலைக்கு மாறியிருந்தேன். ஆர்டர் குறைந்தது. 12 பேரை நிறுத்தினால் மற்ற 40 பேருக்கும் வேலை தொடரும், பெயர்களை நீயே எழுதிக் கொடு என்றார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து நியாயமாகவே எழுதினேன். கல்யாணமாகாதவர்கள், வேறு கம்பெனியில் சுலபமாகச் சேரக்கூடியவர்கள், சொந்த ஊரில் நிலம் உள்ளவர்கள். பட்டியலைக் கொடுத்தபோது கை நடுங்கவில்லை. 40 பேர் பிழைத்தார்கள் என்ற நிம்மதிதான் இருந்தது.

அந்த 12 பேர் வேலை செய்த ஷெட்டைப் பூட்டினார்கள். அதைப் பெருக்கிய அக்காவுக்கும் அன்றோடு வேலை போயிற்று. அவர் பெயர் எந்த மஸ்டரிலும் இல்லை. ஷெட்காரர்கள் கையிலிருந்து கொடுத்த பணம்தான் அவர் சம்பளம். நான் வந்ததும் என் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய் நீராவிக் குழாய் மேல் வைத்து, ஒரு மணிக்குச் சூடாகக் கொண்டுவந்து கொடுப்பவர். “ஆறினதைத் துன்னாதே தம்பி” என்பார். மூன்று நாள் கழித்து டிபனைத் திறந்தபோது சோறு ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் அவர் இல்லை என்பதே எனக்கு உறைத்தது.

கொலையையும் ஆட்குறைப்பையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கணக்கு போடும் விதம் ஒன்று என்பதைத்தான் சொல்கிறேன். தஸ்தயெவ்ஸ்கி இதை வெளியிலிருந்து எழுதவில்லை. 1864-இல் மனைவியும் அண்ணனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அண்ணனின் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். குறித்த நாளுக்குள் வேறொரு நாவலைத் தராவிட்டால் தன் எழுத்தின் மீதான உரிமையே போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் 3000 ரூபிளுக்குக் கையெழுத்திட்டார். கடன்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த 1866-இல்தான் இந்த நாவல் ஒரு ரஷ்ய மாத இதழில் தொடராக வந்தது. வட்டிக்காரியை வெறுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அப்படிப்பட்டவர் லிசவேதாவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தொடர் வரத் தொடங்கிய அதே ஜனவரியில் மாஸ்கோவில் ஒரு மாணவன் வட்டிக்காரர் ஒருவரைக் கொன்றான். அங்கும் வீட்டுப் பணிப்பெண் சேர்ந்தே செத்தாள்.

வல்லூரில் இன்று மூன்று அலகுகள், தலா 500 மெகாவாட். அந்த மின்சாரத்தில்தான் இதை எழுதுகிறேன். அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மாநிலத்துக்கே வெளிச்சம், சில குப்பங்களுக்குக் கொஞ்சம் சிரமம் என்று யாராவது மேடையில் பேசினால் என்னால் உட்கார்ந்து கேட்க முடிவதில்லை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்காக எண்ணூர் மீனவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். படகை எண்ணலாம், வலையை எண்ணலாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது? துணிமூட்டையோடு யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. ஒரு நாவல் ஒருவனை என்ன செய்யும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: அதற்குப் பிறகு எந்தக் கூட்டல் கழித்தலையும் என்னால் முடித்து வைக்க முடிந்ததில்லை.

சோனியாவிடம் ரஸ்கோல்னிகோவ் உண்மையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவளையே ஊகிக்கச் சொல்கிறான். அவள் புரிந்துகொண்ட நொடியில், லிசவேதாவைப் போலவே இடக்கையை முன்னால் நீட்டிப் பின்வாங்குகிறாள். நாற்சந்தியில் போய் நின்று, மண்ணை முத்தமிட்டு, எல்லோரிடமும் சொல் என்கிறாள் பிறகு.

நாலைந்து வருடங்களுக்கு முன் அந்த அக்காவை மீஞ்சூர் நடைமேடையில் பார்த்தேன். கூடையில் கருவாடு இருந்தது. ஒரே பெட்டியில் ஏறினோம். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். டிபனை இப்போது யார் சுடவைத்துத் தருகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தார். மைக்ரோவேவ் இருக்கிறது அக்கா என்றேன். அனுப்பம்பட்டு போனது. அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கூடையைத் தலைக்கு ஏற்றித் தரச் சொன்னார். தூக்கி வைத்தேன். பொன்னேரியில் இறங்கிப் போனார்.

(தொடரும்)