குட்டி போடும் சிலந்திச் செடி: சிறு முதலில் ஒரு வீட்டுத் தொழில்

வீட்டிலிருந்தே சிறு முதலில் ஏதாவது செய்ய முடியுமா எனக் கேட்கும் சகோதரிகள் அநேகர். அவர்களுக்காக இவ்வாரம் 'ஸ்பைடர் பிளான்ட்' எனப்படும் சிலந்திச் செடி பற்றிப் பார்ப்போம்.

ஆபிரிக்காவைச் சேர்ந்த இச்செடியின் பச்சை இலையில் வெள்ளைக் கோடு ஓடும். இதற்கு விதை வாங்கத் தேவையில்லை. வளர்ந்த செடி நீண்ட தண்டுகளை விடும். அவற்றில் சிறு வெள்ளைப் பூக்கள் பூக்கும். குட்டிச் செடிகளும் தோன்றும். அக்குட்டிகளே நமது சரக்கு.

குட்டியின் அடியில் வேர் முளைகள் தெரிந்த பின்பே அதில் கை வைக்க வேண்டும். அடியில் துளையிட்ட யோகட் கோப்பையில் மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். தண்டை வெட்டாமலே குட்டியை அதில் அமர்த்துங்கள். வேர் பிடிக்கும் வரை தாய்ச் செடியே அதற்கு உணவூட்டும். மெதுவாக இழுத்தால் அசையாத நிலை வந்ததும் தண்டை வெட்டிவிடலாம்.

இதன் தடித்த வேர்கள் நீரைச் சேமித்து வைப்பவை. எனவே மேல்மண் காய்ந்த பின்பே நீர் ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். நேர் வெயில் இலையைப் பொசுக்கும். விறாந்தையும் ஜன்னலோரமுமே பொருத்தமான இடங்கள்.

இலை நுனி பழுப்பாகிக் கருகினால் தண்ணீரையும் கவனியுங்கள். இச்செடிக்கு புளோரைட் ஒத்துவராது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளின் பல கிணறுகளில் புளோரைட் அதிகம். நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே வழி.

குட்டிகளைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்தும் வேர்விடச் செய்யலாம். ஆனால் தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். போத்தல் நீரை வாரம் இரு முறை மாற்றுங்கள். சாடித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்புக் குடம்பி காணப்பட்டால் வழக்கு வரும். அயலவரின் உயிருக்கும் ஆபத்து.

இனிக் கணக்கு. குட்டி இலவசம் என்பதற்காகச் செலவில்லை என்று எண்ண வேண்டாம். கோப்பை, மண், போக்குவரத்து எல்லாம் செலவுதான். இருபது கன்று வைத்து மூன்று பட்டுப்போனால், மொத்தச் செலவைப் பதினேழால் வகுத்தே அடக்கவிலை காண வேண்டும். இருபதால் வகுப்பவர் நட்டத்தை இலாபமென நினைத்து ஏமாறுவார். நல்ல தாய்ச் செடிகளையும் விற்றுவிடாதீர்கள். அவைதான் முதல், குட்டிகள்தான் வருமானம்.

கடைசியாக, ஒரு பொய்யைத் தவிர்ப்போம். இச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று கூறிப் பலர் விற்கின்றனர். 1980களில் நாசா ஆய்வாளர்கள் சோதித்தது மூடிய சிறு கூடுகளில். காற்றோட்டமுள்ள வீட்டில் ஓரிரு சாடிகளால் குறிப்பிடத்தக்க பலனில்லை என்று 2019இல் வெளியான மீளாய்வு ஒன்று காட்டியது. செடியின் அழகைச் சொல்லியும், பூனைக்கு நஞ்சல்ல என்ற உண்மையைச் சொல்லியும் விற்கலாமே. நேற்று நட்ட குட்டியை வேர் பிடித்த கன்று என விற்பதும் இதே வகைதான். வாங்கியவர் வீட்டில் அது வாடினால், அடுத்த முறை உங்கள் வாசலுக்கு எவரும் வரமாட்டார்.