பிரசவ அறையில் எழுதப்படாத மணிக்கணக்கு



நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்த தோழர்கள் தலைப்பு என்னவென்று கேட்டார்கள். "பிரசவ வார்டு" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இலக்கியக் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்ற தயக்கம் அவர்களுக்கு. பேசலாம் தோழர்களே. நம் எழுத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' சிறு நூல்தான். தமக்கு நேர்ந்தவற்றைச் சொல்லிக்கொண்டே வரும் அண்ணல், கடைசிப் பகுதிகளில் மற்றவர்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்திருக்கிறார். அதில் ஒன்று, கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம். 1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா' இதழில் வந்தது. பிரசவமான இரண்டாம் நாள் அவருடைய மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் மருத்துவர். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கும் ஒப்புக்கொண்ட பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று இறங்கி வருகிறார். பச்சை உடம்புக்காரியை வெளியே தூக்கி வருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் கருவி திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து, நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இந்தச் சாவுக்கு அரசாங்கக் காகிதம் எதுவும் சாட்சியாக இல்லை. கணவருக்கு எழுதத் தெரிந்திருந்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதுதான். பிரசவத்தில் நேரும் காயங்கள் விதியாகிப் போவதற்குப் பெரிய காரணம், அந்த மணி நேரங்களை யாரும் எழுதி வைக்காததுதான்.

முதலில், காயம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

எங்கள் சின்னம்மா மகனுக்கு வலது கை தூக்க வராது. தோளிலிருந்து தொங்கும், உள்ளங்கை பின்னால் திரும்பியிருக்கும். "கருவிலேயே அப்படி" என்று தெருவில் சொல்வார்கள். போன பிறவியில் எதையோ திருடிய கை என்று சொன்னவர்களும் உண்டு. நானே பல வருஷம் கழித்துத்தான் அதன் பெயர் எர்ப்ஸ் பால்சி என்று தெரிந்துகொண்டேன். குழந்தையின் தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வது உண்டு. அந்த நேரத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டு நைந்துபோகும், சில சமயம் அறுந்தே போகும். தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு சேர மடக்கிப் பிடித்தால் பெரும்பாலும் தோள் விடுபடும். செய்யக் கூடாதது மேல்வயிற்றை அமுக்குவது. அதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். இழுக்காமலே கர்ப்பப்பையின் அழுத்தத்திலேயே நரம்பு நைவதும் உண்டு என்பதால், எல்லாக் கையையும் மருத்துவர் தலையில் கட்ட முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் கை சரியாகிவிடும். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லையென்றால் நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்?

கையைவிடக் கொடியது மூளைக்குப் படும் காயம். இடுப்பு வலி ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் குழந்தைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் குறையும். வலி விடும்போது குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலியைக் கூட்ட டிரிப்ஸில் மருந்து ஏற்றிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், வலி விடாமல் அடுத்தடுத்து இறுக்கும். குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கும். பனிக்குட நீர் பச்சையாக வரலாம். அப்போதே கண்டுபிடித்து வெளியே எடுத்தால் பல குழந்தைகள் தப்பும். விட்டால், பிறந்ததும் அழாது. துவண்டு கிடக்கும். வலிப்பு வரும். பிழைத்தால் சிலருக்கு மூளை முடக்குவாதம். இதிலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: மூளை முடக்குவாதம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் பிரசவ நேரத்தில்தான் பாதிப்பு ஏற்பட்டது என்று இல்லை. பெரும்பாலானவற்றுக்குக் கர்ப்ப காலத்திலோ குறைப்பிரசவத்திலோ காரணம் இருக்கிறது. அப்படியானால் இந்தக் குழந்தைக்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வது? எழுதி வைத்திருந்தால் சொல்லலாம்.

பிறந்தபின் மருத்துவம் இல்லையா என்று கேட்பீர்கள். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையை ஆறு மணி நேரத்துக்குள் குளிரூட்டத் தொடங்கி மூன்று நாள் வைத்திருப்பது பணக்கார நாடுகளில் வழக்கமான சிகிச்சை. அதே முறையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 'ஹீலிக்ஸ்' என்பது ஆய்வின் பெயர். குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் இறந்தவர்கள் 42 சதவீதம், குளிரூட்டப்படாதவர்களில் 31. அங்கே காப்பாற்றிய சிகிச்சை இங்கே உதவவில்லை. காயம் பட்டபின் நமக்குப் பெரிதாக மருந்தில்லை என்று அர்த்தம். வலி வந்த நேரத்திலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான் மருந்து.

எப்படிப் பார்ப்பது என்பதற்கும் ஏழை நாட்டிலிருந்தே ஒரு வழி வந்தது. அன்று ரொடீசியா என்றழைக்கப்பட்ட ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காஸில் என்ற இரு மருத்துவர்கள் 1972இல் ஒரு பக்க வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். பார்ட்டோகிராஃப் என்று பெயர். மருத்துவர் இல்லாத சிறு ஆஸ்பத்திரியில் செவிலியரே பார்த்து, எந்த நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று முடிவெடுக்கச் செய்தது அது. கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் துடிப்பு எவ்வளவு, தாயின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நேரம் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தால், கோடு எங்கே வளைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்ணுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதிய படிவமே கொண்டுவந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. வலி முற்றும் கட்டத்தில் கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை, முக்கத் தொடங்கியபின் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை குழந்தையின் துடிப்பைக் கேட்டு எழுதவேண்டும்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். மேலூரில், உசிலம்பட்டியில், சோழவந்தானில் நம் காலனிப் பெண்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். இது சின்ன வெற்றியல்ல, அதைக் குறைத்துப் பேசுபவனும் நானல்ல. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனபின் என்ன நடக்கிறது? மகப்பேறு உதவித்தொகைக்கான பிக்மி எண் ஒரு இலக்கம் தவறாமல் எழுதப்படுகிறது. துடிப்பைக் கேட்ட நேரம் அப்படி எழுதப்படுகிறதா? பல நேரம் எல்லாம் முடிந்தபின் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பப்படுகிறது என்பது உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கே தெரிந்த சங்கதி. ராத்திரிப் பணியில் ஒரே செவிலியர் நாலு பேருக்குப் பிரசவம் பார்க்கவேண்டியிருந்தால் அவரும்தான் என்ன செய்வார்? அலட்சியம் எப்போதும் ஒரு ஆளின் குணமாக இருப்பதில்லை. நிரப்பப்படாத பணியிடமும் அலட்சியம்தான்.

ஆனால் "உங்க ஆளுகளுக்கு வலி தாங்கும், சும்மா கத்தாத" என்று ஏசியதாக நம் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பணியிடக் கணக்கு காரணமில்லை. அந்த எண்ணத்துக்கு வேறு கண்டத்திலும் உறவுக்காரர்கள் உண்டு. நாள்கணக்கில் பிரசவம் இழுத்தால், குழந்தையின் தலை அழுத்தி மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். அதன்பிறகு மூத்திரம் நிற்காமல் கசியும். அதைத் தைக்கும் அறுவையைக் கண்டுபிடித்தவர் என்று கொண்டாடப்பட்டவர் அமெரிக்காவின் மாரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் அடிமைக் கறுப்பினப் பெண்களின் உடம்பில், மயக்கமருந்தில்லாமல், திரும்பத் திரும்ப அறுத்துத்தான் அவர் அதைக் கற்றார். அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் அவர் எழுதியதால் மிஞ்சின. அந்தப் பெண்கள் எழுதிய ஒரு வரிகூட இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள்.

இனி நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். 2018 டிசம்பர் 3ஆம் தேதி சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தொற்றிவிட்டது. பிறகு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். 2019 ஜனவரி 17இல் அங்கே பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு செய்த சோதனைகள் சொல்லின.

இது பிரசவ அறைக் காயம் அல்ல, பிள்ளைப்பேற்றுக்கு வந்த இடத்தில் நேர்ந்த காயம். இதை எடுப்பதற்குக் காரணம், அது வெளியே வந்த விதம். ரத்த வங்கியின் பதிவேடு கண்டுபிடிக்கவில்லை. ஆய்வகமும் கண்டுபிடிக்கவில்லை. ரத்தம் கொடுத்த பத்தொன்பது வயதுப் பையன் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவச் சோதனை செய்துகொண்டபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானே போய்ச் சொன்னான். 2016இல் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்தும் அவனுக்குச் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. சொல்லியிருந்தால் அவன் மறுபடி கொடுத்திருக்கவே மாட்டான். தன்னால் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று விஷம் குடித்த அவன், டிசம்பர் 30ஆம் தேதி அதே பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனான். இந்த விவகாரத்தில் முதலில் உண்மை பேசியவன் அவன்தான்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூலையில் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அதில் ஒரு பகுதியைக் குழந்தைகள் பெயரில் போடச் சொன்னது. அரசு வேலையும் தரச் சொன்னது.

ஏன் உயர்நீதிமன்றம்? நுகர்வோர் நீதிமன்றம் எங்கே போனது? இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் இடறுகிறார்கள். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை செய்யும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்கு வெளியே என்றும் சொல்லிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம். காசில்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. யார் அந்தக் காசில்லாதவர் என்று இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை.

கதவு ஒன்றுதான் மூடியிருக்கிறது, வீடே மூடியில்லை. ஹரியானாவில் ஏழு பிள்ளை பெற்ற சந்திரா என்ற கூலிப் பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் செய்த குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் ஒரு பக்கக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு அனுப்பினார்கள். எட்டாவதும் பிறந்தது. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மருத்துவர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி ஒன்று, இந்த உரிமையியல் வழி இன்னொன்று. குற்ற வழக்கு கடினம். சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் என்று காட்டவேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வரையறுத்துவிட்டார்கள்.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றே: கேஸ் ஷீட் எங்கே? டிஸ்சார்ஜ் சீட்டு போதாது, அது சுருக்கம்தான். 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டும். மூன்று வருஷம் பாதுகாக்கவும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் பெயர், அனுமதி எண், தேதி போட்டு, "என் கேஸ் ஷீட், பிரசவ வரைபடம், குழந்தையின் பதிவேடு ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று எழுதி, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டால் போதும். நாள் கடத்தாமல் கேட்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கக் காகிதம் தொலையும், சில சமயம் திருந்தியும் வரும். உள்ளே துணைக்கு ஒரு பெண் இருக்க அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. அவர் கையில் ஒரு போன் இருந்தால், வலி வந்த நேரம், தண்ணீர் போன நேரம், வந்து பார்த்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

போன மாதம் சின்னம்மாவிடம் தம்பி பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். நாற்பது வருஷத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாதவர். "முத பஸ்ஸுல போய் எறங்குனோம்ப்பா. மில்லுல காலைச் சங்கு ஊதுறப்ப தண்ணி ஒடஞ்சிருச்சு. ஒரு தடவ வந்து பாத்துட்டு, இன்னும் நேரமிருக்குன்னு போனாக. மத்தியானச் சங்கு ஊதுச்சு, ஆரும் வரல. சாயங்காலச் சங்குக்கு முன்னாடி ரெண்டு பேரு வயித்துல ஏறி அமுக்குனாக, ஒருத்தரு இழுத்தாரு" என்றார். சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.