குடும்பக் கார்: மைலேஜுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

நம் வீடுகளில் கார் வாங்கும் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு தரும்?" என்பதுதான். அடுத்து, எத்தனை பேர் உட்காரலாம், சன்ரூஃப் உண்டா, என்ன கலர் என்று பேச்சு நீளும். மோதினால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்பதைக் கேட்பவர்கள் குறைவு. கார்கள் மீது ஆர்வம் கொண்டவர்கள் என்ற முறையில், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான 5 சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அந்த 5 கார்களும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. அதன் பிறகு நிலைமை மாறியது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையே தொடங்கிவிட்டது. இதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. ஷோரூமில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய கார் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019-க்கு முன் வந்த குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக்கே இருக்காது. சன்ரூஃபும் பெரிய திரையும் உள்ள பலவீனமான காரை விட, அவை இல்லாத உறுதியான கார் மேல் என்பதே நம் சிபாரிசு.

பின் இருக்கைக்கும் பெல்ட் உண்டு

எத்தனை நட்சத்திரம் வாங்கிய காராக இருந்தாலும், பெல்ட் போடாதவருக்கு அதனால் பயன் மிகக் குறைவு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர் நிற்கமாட்டார். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன் இருக்கையில் இருப்பவர் மீதே பாய்வார். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து நினைவிருக்கலாம். விலையுயர்ந்த கார்தான். பின் இருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். அவர்கள் இருவரும் இறந்தனர். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தனர்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று உம்மாமார்கள் நம்புகிறார்கள். கணக்குப் பார்ப்போம். 50 கி.மீ. வேகத்தில் வந்த கார் மோதி ஒரு மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் சுமார் 100 கிலோ மூட்டை போலக் கையை இழுக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் குழந்தை இருக்கை. அதைப் பின் சீட்டில் பொருத்துங்கள். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும். புர்கா அணிபவர்கள் துணி மடிந்து பெல்ட் தளர்ந்துவிடாமல் இழுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நிக்காஹ் வீட்டுக்குப் போகும்போது 5 பேர் காரில் 8 பேர் ஏறுவது நமக்குப் பழகிப்போனது. காரில் எத்தனை பெல்ட் உண்டோ அத்தனை பேருக்கே இடம். மற்றவர்களுக்கு ஒரு வேன் பேசிவிடுவது பெரிய செலவல்ல.

டயர், வேகம்

டயர் காற்று அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். நீண்ட பயணத்துக்கு முன், டயர் சூடேறாதபோது பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது.

வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி கவனம் சிதறினால் கார் 22 மீட்டர் ஓடியிருக்கும். நோன்பு திறக்க வீடு சேர வேண்டும் என்று மஃக்ரிப் நேரத்தில் பறப்பவர்கள் இதையும் பாருங்கள்: 40 கி.மீ. தூரத்தை 80-ல் போனால் 30 நிமிடம், 100-ல் போனால் 24 நிமிடம். ஆறு நிமிடத்துக்காகவா இந்த அவசரம்? காரில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருந்தால் வழியில் ஓரமாக நிறுத்தியே நோன்பு திறக்கலாம்.

வாப்பா வெளிநாட்டில், சாவி பிள்ளையிடம்

நம் ஊர்களில் இது அதிகம். வாப்பா வளைகுடாவில் இருப்பார்; வீட்டுக் காரை பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டும். "நல்லாத்தானே ஓட்டுறான்" என்று வீட்டாருக்குப் பெருமை வேறு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதாகாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அடிபட்டவர் வீட்டில் ஏற்படும் இழப்புக்கோ எந்த அபராதமும் ஈடாகாது.

இதில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. அடுத்த முறை காரை எடுக்கும்போது, பின் சீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகரும் என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் முணுமுணுப்பு இருக்கும். பிறகு பிள்ளைகளே நமக்கு நினைவூட்டுவார்கள்.