துளசி பிடிக்கும் குடை

லயத்து வாசலில் துளசி வைத்திருக்கும் வீடுகள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு. ஒரே செடியின் விதைதான். இருந்தாலும் நல்ல வெயிலில் நிற்பதைக் கசக்கினால் வாசம் தூக்குது. கூரை நிழலில் நிற்பதில் அவ்வளவு இல்லை. மண்ணும் தண்ணீரும் இதற்குக் காரணம்தான். நாம் அதிகம் யோசிக்காத இன்னொரு காரணமும் இருக்கிறது.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு உண்டு. அதைப் புற ஊதாக் கதிர் என்கிறார்கள். 1,000 மீற்றர் உயரம் ஏறினால் அது நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் கூடும். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. குளிருதே என்று நாம் போர்த்திக்கொண்டாலும், வானம் வெளித்த நாளில் அந்தக் கதிர் அங்கே கொழும்பை விடக் கடுமைதான்.

நாமென்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு ஒதுங்கலாம். வேர் விட்ட செடி எங்கே போகும்? அது தனக்குள்ளேயே குடை பிடிக்கிறது. இந்தக் கதிரை உணரும் ஒரு புரதம் செடியில் இருப்பதை 2011இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். கதிர் பட்டதும் அந்தப் புரதம் செடியை உசுப்பிவிடுகிறது. உடனே இலையின் மேல் தோலில் பிளவனொயிட் என்னும் பொருட்கள் சேர்கின்றன. இவை கெடுதலான கதிரை உறிஞ்சிக்கொண்டு, செடிக்குத் தேவையான வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. துளசிக்குச் சொந்தமான திருநீற்றுப்பச்சையில் ஆய்வு செய்தபோது, கதிர் பட்ட செடிகளில் வாசனை எண்ணெய் கூடியிருந்தது. கதிர் படாமல் வளர்த்தவற்றில் எண்ணெய்ப் பைகள் சரியாக நிரம்பவில்லை. அளவு மீறினாலோ இலை சிறுத்து வளர்ச்சி குன்றும்.

நம் தேயிலையும் இப்படித்தான். ஜப்பானில் சில வகைத் தேயிலைக்குக் கொழுந்து எடுக்குமுன் ஏறக்குறைய மூன்று வாரம் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். துவர்ப்புக் குறையும்.

ஆகவே "ஒரு கைப்பிடி இலை" என்பது எல்லா வாசலிலும் ஒரே அளவு மருந்தல்ல. பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கைப்பிள்ளைகளுக்குக் கண்மதிப்பில் கஷாயம் புகட்டுவதைத்தான் நாங்கள் வேண்டாம் என்கிறோம். பிள்ளைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ தாமதிக்காமல் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வல்லாரை பறிப்பவர்கள், களைநாசினி அடித்த மலையின் கான் ஓரத்தில் பறிக்காதீர்கள். கழுவினாலும் அது முழுவதும் போகாது. துளசியைக் காய வைப்பதென்றால் நிழலில் போடுங்கள். செடியில் இருக்கும்போது வெயில் எண்ணெயைச் சேர்க்கும். பறித்த இலையில் இருப்பதையும் பறக்கடித்துவிடும்.